தடைக்காலம் முடிந்த பிறகும்

நைனா,

அன்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். "போட்டில் ஏறாதே, மாத்திரையை நிறுத்தும் நாள் இது இல்லை" என்று நான் சொல்லவில்லை. ஐஸ் ஏற்றி முடித்து, தண்ணீர் கேன்களைக் கட்டி, ஆட்கள் ஆறு பேரும் ஏறிவிட்டிருந்தார்கள். நீ மட்டும் கரையில் நின்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே கேட்டாய்: "இன்னா பாப்பா, போய்ட்டு வர்ட்டா?" கேட்டுவிட்டு என் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாய். நான் "பாத்து போய்ட்டு வா நைனா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

இந்த வாரம் ஒரு மாலை, அலுவலகம் விட்டு வரும்போது, பேருந்து காசிமேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக ரெசின் வாசனை வந்தது. கரையேற்றிய படகுகளுக்கு ஃபைபர் ஒட்டிப் பெயிண்ட் அடிக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, துறைமுகச் சுவரை ஒட்டி நடந்து வீட்டுக்கு வந்தேன். வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நம் தெருவில் தடைக்காலம் என்றால் எல்லாவற்றையும் பழுது பார்க்கும் காலம். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று சர்க்கார் நாற்பத்தைந்து நாள் விசைப்படகுகளைக் கட்டிப் போடுகிறது. அதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். இன்ஜினைப் பிரிப்பார்கள், பலகை மாற்றுவார்கள், வலை கோப்பார்கள், பெண் பார்ப்பார்கள், குழந்தைகளுக்குக் காது குத்துவார்கள். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொள்பவர்கள்கூட அந்த நாட்களுக்குள்தான் ஆஸ்பத்திரியில் படுப்பார்கள். அதனால் உன்னைப் போதையை விடும் சிகிச்சையில் சேர்க்க முடிவானபோது, எத்தனை நாள் ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

மாமாதான் பேச்சை ஆரம்பித்தார். அம்மாவுக்கு அண்ணன்; நீ டிரைவராக இருந்த போட்டுக்கு ஓனர். நம் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "போட்டு மேல ஏறிக்கீது. டிரைவரையும் அதேமாரி மேல ஏத்தி, பாசிய சொரண்டி, பெயிண்ட்டு அட்ச்சி எறக்கிடலாம் மச்சான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பதினோரு வருடமாகப் பிரவுன் சுகர் பொட்டலம் இல்லாமல் ஒரு நாளும் விடிந்ததில்லை உனக்கு. கடலுக்குப் போகும்போது ஐஸ் பெட்டியோடு அதுவும் போகும். போட்டை ஓட்டும் வீல் ரூம் கதவைச் சாத்திக்கொண்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று ஆட்கள் கேட்கமாட்டார்கள். மீன் இருக்கும் இடம் தெரிந்த டிரைவரை யாரும் எதுவும் கேட்பதில்லை.

ராயபுரத்தில் நான் போகும் நூலகத்துக்கு எதிர்ச் சந்தில் அந்தப் போதை மீட்பு மையம் இருந்தது. கீழே நோட்டுப் புத்தகக் கடை, மேலே மூன்று அறைகள். மாமா பேச்சை எடுப்பதற்கு முன்பே, பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று இரண்டு மாதம் சாலையின் இந்தப் பக்கம் நின்றே படித்துவிட்டு, ஒரு நாள் ஏறினேன். அங்கே ஆலோசகராக இருந்த மேடத்திடம், தெரிந்த ஒருவருக்காகக் கேட்கிறேன் என்றேன். அவர், "தெரிஞ்சவருன்னா அப்பாவா, அண்ணனாம்மா?" என்று கேட்டார்.

முதல் நாள் உன்னை அழைத்துப் போனது நினைவிருக்கிறது. முந்தைய நாளிலிருந்து எதையும் தொடாமல் வர வேண்டும். உடம்பு கேட்க ஆரம்பித்த பிறகு கொடுத்தால்தான் மாத்திரை உதவும், முன்னால் கொடுத்தால் பாடாய்ப் படுத்திவிடும் என்று மேடம் சொல்லியிருந்தார். ஏப்ரல் வெயிலில் நீ கம்பளிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்திருந்தாய். மூக்கு ஒழுகியது. கொட்டாவி மேல் கொட்டாவி. கையில் ரோமம் எல்லாம் எழுந்து நின்றது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "இன்னா நைனா, மலேரியாவா?" என்றார். நீ பல் கிட்டித்தபடியே, "இல்ல நைனா, ஊட்டிக்குப் போய்ட்டு வந்தேன்" என்றாய்.

மாத்திரை கொடுக்கும் சிஸ்டர் அதை நசுக்கிப் பொடியாக்கி உன் நாக்குக்கு அடியில் போட்டார். விழுங்கக் கூடாது, பேசக் கூடாது, பத்து நிமிடம் பெஞ்சில் உட்கார வேண்டும். எழுந்து போகும்போது நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். வாயில் ஒதுக்கிக்கொண்டு வெளியே போய் வேறு விதமாக ஏற்றிக்கொள்பவர்கள் உண்டு என்பதால் அந்தக் கட்டுப்பாடு. நாற்பத்தாறு வயது ஆள், ஆறு பேரை அதட்டி வேலை வாங்குகிற டிரைவர், ஒரு பெண்ணிடம் நாக்கைத் தூக்கிக் காட்டுவதைப் பார்க்காமல் நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அன்று மதியத்துக்குள் உன் நடுக்கம் நின்றது. போர்வையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "பசிக்குது பாப்பா" என்றாய். அந்த வார்த்தையை நீ சொல்லி நான் கேட்டு வருடங்கள் ஆகியிருந்தன.

ஒன்றை உன்னிடம் சொன்னதே இல்லை. நான் அதிகம் பேசாதவள் என்று அம்மாவுக்கு எப்போதும் குறை. நீ வாய் ஓயாதவன். உன் எதிரில் யாருக்கும் பேச இடம் கிடைக்காது. மாத்திரை கரையும் அந்தப் பத்து நிமிடம்தான் நீ வாயைத் திறக்க முடியாத நேரம். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, பேசாமல் உட்கார்ந்திருக்கும் உன்னைப் பார்க்கச் சகிக்காமல், அப்போது படித்துக்கொண்டிருந்த புத்தகத்தின் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பனிக்காலத்தில் வழி தவறிய ஒரு கப்பலைப் பற்றியது. நீ கண்ணை உருட்டிக் கேட்டாய். ஓரிடத்தில் கையைத் தூக்கி ஏதோ கேட்கப் போய், சிஸ்டர், "டிரைவர் சார், வாய மூடு!" என்று அதட்டினார். பத்து நிமிடம் முடிந்ததும் நீ கேட்ட முதல் கேள்வி: "அந்த கேப்டன் பேமானிக்கு காம்பஸ் பாக்கத் தெரியாதா?" அந்தத் தடைக்காலம் முழுக்க, அந்தப் பெஞ்சில், நான்கு புத்தகங்கள் முடித்தோம்.

மாத்திரை மட்டும் அல்ல. வாரத்தில் இரண்டு நாள் மேடம் உன்னை உள்ளறையில் உட்கார வைத்துப் பேசுவார். உபதேசம் செய்வார் என்று நினைத்துப் பயந்துகொண்டே போனாய். அவர் கேட்டதெல்லாம் நேரம். எத்தனை மணிக்கு மனம் அங்கே இழுக்கிறது, அப்போது எங்கே நிற்கிறாய், கையில் என்ன வேலை, யார் பக்கத்தில்? நீ எரிச்சலோடு, "இன்னா மேடம் இது, போலீஸ் ஸ்டேஷன்ல கேக்கற மாரி கேக்கறீங்கோ" என்றாய். ஆனால் மூன்றாவது வாரம் நீயே கண்டுபிடித்துச் சொன்னாய்: ஐஸ் ஃபேக்டரிப் பக்கம் வந்தால்தான் இழுக்கிறது. அங்கே கசியும் அமோனியா நெடி மூக்கில் ஏறியதும் வாய் ஊறுகிறது. அதன் பின்சுவர் ஓரம்தான் உனக்குப் பழக்கமான இடம். "அப்போ நாளையிலேர்ந்து எந்த வழியா வீட்டுக்குப் போவீங்க?" என்று மேடம் கேட்டார். மறுநாளிலிருந்து நீ கல்லறைச் சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாய். வெயிலில் அரை மணி நேரம் கூடுதல் நடை.

ஒரு நாள் அம்மாவையும் கூப்பிட்டார்கள். அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கடைசியில் கேட்டாள்: "அந்த எழவ எடுத்துட்டு இந்த மாத்திரய குடுக்கறீங்கோ. இது மட்டும் இன்னாவாம்? இதுவும் போதைதான?"

மேடம் கோபப்படவில்லை. "இப்போ காலைல எழுந்ததும் இவரு என்னம்மா பண்றாரு?"

"பல்லு வெளக்கறாரு. நாஸ்தா துன்றாரு. வலை கோக்கப் போறாரு."

"முன்னாடி?"

அம்மா கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தாள்.

தடைக்காலம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது மேடம் என்னைத் தனியாக அழைத்தார். உன் விஷயத்தில் கையெழுத்துப் போட்ட வீட்டு ஆள் நான்தான். படிவத்தில் இருந்ததை எல்லாம் படித்தவளும் நான்தான். "இன்னும் ஒரு வருஷமாவது தொடரணும், அதுக்கு மேலயும் ஆகலாம். நிறுத்தறதா இருந்தா டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா குறைப்பாரு. சட்டுனு விட்டா மூணாவது நாள் உடம்பு திருப்பிக் கேக்கும். அப்போ பழைய அளவுல எடுத்துட்டா உடம்பு தாங்காது, உயிரே போயிடும். வீட்ல சொல்லும்மா" என்றார். தலையாட்டினேன். கடலுக்குக் கையில் கொடுத்தனுப்ப முடியுமா என்று கேட்டேன். பத்து நாள் மாத்திரையைக் கையில் கொடுக்கத் தங்கள் விதியில் இடமில்லை என்றார்.

வீட்டுக்கு வந்தால் மாமா உட்கார்ந்திருந்தார். போட்டுக்குப் புதுப் பெயிண்ட், நீலமும் மஞ்சளும். "நாப்பத்தஞ்சு நாளு ஆச்சு மச்சான். போட்டே சோக்கா கீது, ஒனக்கு இன்னா கொற?" என்று உன் முதுகில் தட்டினார். அம்மா பல வருடம் கழித்துத் தலையில் பூ வைத்திருந்தாள். அந்தப் பூவைப் பார்த்த பிறகு எனக்கு வாய் வரவில்லை. ஆட்களிடம் எல்லாம் நீ முதுகு வைத்தியத்துக்குப் போவதாகச் சொல்லியிருந்தோம். படகுத்துறையில் அவர்கள் முன்னால் எதைச் சொல்வது? நான் படித்திருந்தேன், எனக்குத் தெரிந்திருந்தது, வெட்கத்துக்காக வாயை மூடிக்கொண்டேன். இதை வேறு எப்படியும் எழுத முடியாது.

நீ போன நான்காம் நாள் மாமா வீட்டு வயர்லெஸ்ஸில் செய்தி வந்தது. நான் அங்கே அத்தைக்கு மளிகை லிஸ்ட் எழுதிக்கொண்டிருந்தேன். கரகரப்புக்கு நடுவே ஒரு ஆள் கத்தினான்: "ஓனரே, டிரைவருக்கு வயித்தால போய்க்கினே கீது. ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. வீலு புடிக்க முடியல. திரும்பறோம்."

தடைக்குப் பிறகான முதல் பயணத்தை நம்பித்தான் ஆறு குடும்பம் காத்திருக்கிறது. அந்தப் பயணத்தில் வலையை முழுசாகப் போடாமல் திரும்பிய ஒரே போட்டு நம்முடையது. மதியம் கரை சேர்ந்தது. உன்னை இரண்டு பேர் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மற்றவர்கள் பின்னாலேயே வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஆட்கள் எதிரில் முதுகுக் கதையைக் காப்பாற்றிக்கொண்டே மாமா கத்தினார்: "நாட்டு வைத்தியம் பாக்கறேன் பாக்கறேன்னு இன்னாத்த துன்னு தொலைச்ச? என் மொத ட்ரிப்ப கலீஜ் பண்ட்டியே மச்சான்!"

"கெட்டுப்போன சோத்த துன்னுட்டாரு" என்றாள் அம்மா.

"இல்ல மாமா" என்றேன் நான். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அவரு பொட்டலத்துக்கு மாத்திரை எடுத்துகினு இருந்தாரு. நாப்பத்தஞ்சு நாளுல நிறுத்தக் கூடாது. எனக்குத் தெரியும். நான்தான் சொல்லல."

வாசலில் நின்ற ஒரு ஆள் மெதுவாக, "அப்போ முதுகு?" என்றான். நீ பாயில் சுருண்டு படுத்திருந்தாய். அந்த நிலையிலும் உனக்குச் சிரிப்பு வந்தது. "முதுகு சோக்கா கீதுடா" என்றாய்.

எல்லோரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டாய். எனக்குத் திட்டு விழும் என்று நினைத்தேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாய். "ரெண்டு தெரு தள்ளி நட்ந்தா கெடைக்கும் பாப்பா. பத்து நிமிசத்துல இதெல்லாம் நின்னு பூடும். நா ஏந்திருச்சா அங்கதான் போவேன். என் காலு எனக்குத் தெரியும்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாய். "நீ இன்னா பண்ற, ஓடிப்போய் ஒரு ஆட்டோ புடி. நா ஏந்திரிக்கறதுக்குள்ள புடி."

நான் ஓடினேன். வாழ்க்கையில் அப்படி ஓடியதில்லை.

மையத்தில் மாத்திரை கொடுக்கும் நேரம் முடிந்து அலமாரியைப் பூட்டியிருந்தார்கள். மேடம் டாக்டருக்குப் போன் செய்தார். சிஸ்டர் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவர், பையைத் திரும்ப ஆணியில் மாட்டினார். ஏன் போனாய், ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. பொடி கரையும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். நான் அன்று கதை எதுவும் சொல்லவில்லை. பத்து நிமிடம் முடிந்ததும் நீயே மேடத்திடம், "எத்தினி நாளுன்னு இனிமே கணக்கு பாக்க மாட்டேன் மேடம்" என்றாய்.

அதற்குப் பிறகு நீ செய்ததைத்தான் நம் தெருவில் பலராலும் ஜீரணிக்க முடியவில்லை. பெரிய போட்டு பத்து நாள் கடலில் கிடக்கும். மையமோ தினமும் வரச் சொல்கிறது. இரண்டும் ஒத்துவராது. நீ வீலை விட்டாய். தாசுவின் ஃபைபர் படகில் இரண்டாவது ஆளாகச் சேர்ந்தாய். உன்னைவிட எட்டு வயது சிறியவர், ஒரு காலத்தில் உன் கீழே மீன் பிரித்தவர். அந்தச் சின்னப் படகு விடியும்போது போய்ப் பத்து மணிக்குக் கரை வந்துவிடும். பதினொரு மணிக்கு நீ மையத்தில் இருப்பாய்.

முதல் வாரம் கரையில் கேலி தாங்கவில்லை. "இன்னா டிரைவரே, கப்பல வித்துட்டு சோப்பு டப்பா வாங்கிட்டியா?" என்று ஒருவன் கத்தினான். நீ துடுப்பைத் தோளில் வைத்தபடியே, "ஆமாண்டா, தெனம் குளிக்கறவனுக்கு சோப்பு டப்பா வேணும். ஒனக்கு எதுக்கு?" என்றாய். தாசு மட்டும் உன்னை எப்போதும் டிரைவர் என்றே கூப்பிட்டார். அந்தச் சின்ன மோட்டாரை அவர் ஒருநாளும் தொடமாட்டார். "டிரைவர் இருக்கசொல்ல நா எதுக்கு?" என்பார்.

மையத்துக்குள் நீ வரும்போதே மீன் நாற்றம் முதலில் வரும். சிஸ்டர் மூக்கைச் சுளிப்பார். "நாத்தம் மட்டும் தினமும் வருது டிரைவர் சார், மீன் எங்க?" ஒரு நாள் இரண்டு வவ்வால் மீனை வாழை இலையில் சுற்றிக் கொண்டுபோய் வைத்துவிட்டு, "இன்னிக்கு நாக்க தூக்காம போலாமா சிஸ்டர்?" என்றாய். மீனையும் வாங்கிக்கொண்டு நாக்கையும் தூக்கச் சொன்னார்.

ஒரு வருடம் ஓடியது. மாமாவுக்கு வேறு டிரைவர் சரிவரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து, "போதும் மச்சான். வருசமாச்சு. மாத்திரய உட்டுட்டு வந்து வீலப் புடி. ஊர்ல கேக்கறான், ஒன் டிரைவரு இன்னும் எதுக்கோ அடிமையான்னு" என்றார். அம்மா வாசற்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள், கையை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தாள். அவளுக்கு நீ சரி என்று சொல்ல வேண்டும். எனக்கும், உள்ளே எங்கோ, நீ மறுபடி வீல் ரூமில் நிற்பதைப் பார்க்க ஆசை இருந்தது. உனக்கு எவ்வளவு இருந்திருக்கும்?

நீ மாமாவிடம் கேட்டாய்: "மச்சான், நீ ஒவ்வொரு ட்ரிப்புக்கும் இன்ஜினுக்கு ஆயில் பாக்கறியே. அது இன்னா, ஆயிலுக்கு அடிமையா?"

"அது இன்ஜின்யா!"

"நானும் ஓடிகினுதான் கீறேன். ஓடற இன்ஜின்ல ஏன் கைய வைக்கற?"

மாமா எழுந்து போய்விட்டார். மூன்று மாதம் நம் வீட்டுக்கு வரவில்லை. அம்மா அன்று குழம்பில் உப்புப் போடவில்லை. மறந்தாளா, வேண்டுமென்றேவா என்று இன்றுவரை சொல்லவில்லை. நீ அந்தக் குழம்பை ஊற்றி இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டாய்.

நீ எளிதாகத் தாண்டிவிட்டாய் என்று எழுதினால் பொய். ஐஸ் ஃபேக்டரிப் பக்கம் நீ ஒரு தரம் போய் நின்றதை நானே பார்த்தேன். தாசுவோடு ஏதோ சண்டை போட்ட நாள். சுவருக்கு இந்தப் பக்கம் நின்றாய், நான் தெரு முனையில் நின்றேன். கூப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் நீயாகவே திரும்பி நடந்தாய். மறுநாள் மேடத்திடம் அதை முதல் ஆளாக நீயே சொல்லிவிட்டாய். என்னிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நானும் பார்த்ததாகச் சொல்லவில்லை. மூன்றாம் வருடம் டாக்டர் அளவைப் பாதியாகக் குறைத்திருந்தார். முழுக்க நிறுத்தலாமா என்று அவர் கேட்டபோது, "அவசரம் இல்ல டாக்டர், கடலு எங்கியும் போவாது" என்றாய்.

அந்த ஆடி மாதம் நீ கடலிலேயே போய்விட்டாய். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல் பிரித்துக்கொண்டிருக்கும்போது, அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "பெரிய போட்டுல இருந்திருந்தா பொழச்சிருப்பாரு. அந்த மாத்திரைக்குதான சின்ன போட்டுக்குப் போனாரு. நீதான கூட்டிகினு போன?"

அதில் பொய் இல்லை. சின்னப் படகுக்கு நீ போனது மாத்திரைக்காகத்தான். உன்னை அழைத்துப் போனவளும் நான்தான். பல நாள் அந்தக் கேள்வியோடு படுத்து எழுந்தேன். பெரிய போட்டில் இருந்திருந்தால் நீ எத்தனை நாள் இருந்திருப்பாய் என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்தது அந்த மூன்று வருடம் மட்டும். நீ தினமும் பசிக்கிறது என்று சொன்ன வருடங்கள். நான் சொன்ன கதைகளில் வந்த கேப்டன்களையெல்லாம் நீ திட்டித் தீர்த்த வருடங்கள். அம்மாவோடு சண்டை போட்டுவிட்டு நீயே போய் சமாதானம் பேசிய வருடங்கள். அவற்றுக்காக மறுபடியும் உன்னை அந்த மாடிப்படியில் ஏற்றுவேன். அம்மாவிடமும் இதையே சொன்னேன். அவள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் இப்போதெல்லாம் பதிலுக்குச் சண்டை போடுவதில்லை.

நான் தண்டையார்பேட்டையில் ஒரு குடோன் அலுவலகத்தில் பில் அடிக்கிறேன். ஒவ்வொரு தடைக்காலத்திலும் கடைசி இரண்டு சனிக்கிழமை மையத்துக்குப் போய், துறைமுகத்து ஆட்களின் வீட்டார் வரும்போது கூட உட்காருகிறேன். மேடம்தான் வரச் சொன்னார். எனக்குப் பேச வராது என்றேன். ஒரே ஒரு விஷயம் பேசினால் போதும் என்றார். அதை மட்டும் பேசுகிறேன். "நாப்பத்தஞ்சு நாளு மீனுக்கு. மனுசனுக்கு இல்ல." போன வருடம் ஒரு அம்மாள், "மனுசன் இன்னாமே, மீன விட கஷ்டமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கணவரை நான்தான் படகுத்துறைக்குப் போய், ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்த ஆட்கள் முன்னால் நிறுத்தி, திரும்ப அழைத்து வந்தேன். அவர் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே வந்தார். வந்தார், அதுதான் முக்கியம். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பிடிவாதம்தான் நைனா. வைத்துக்கொள்கிறேன்.

நீ மையத்துக்கு வராத அந்த நாளைப் பற்றி, சிஸ்டரிடமும் அம்மாவிடமும் தாசுவிடமும் தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்று நான் வேலையில் இருந்தேன்.

பதினொன்றே கால் ஆனதும் சிஸ்டர் வாசலைப் பார்த்திருக்கிறார். பதினொன்றரைக்கு மறுபடி பார்த்திருக்கிறார். ஒருவர் வரவில்லை என்றால் அங்கே குறித்து வைத்துக்கொள்வார்கள், மூன்று நாள் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள். பெரும்பாலும் பழைய இடத்தில்தான் போய்த் தேடுவார்கள். அன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களிடம் உன்னைப் பற்றி அவர் கேட்டபோது, ஒருவர் பொடி வாயிலிருக்கும்போதே பேசிவிட்டாராம்: "அவரா? அங்கல்லாம் போவ மாட்டாரு சிஸ்டர். கடல்ல இன்னாமோ ஆயிகீது." சிஸ்டர் அவரைத் திட்டவில்லை. பன்னிரண்டு மணிக்கு நம் வீட்டுக்கு ஆள் அனுப்பினார்.

கரையில் அதுவரை யாரும் கவலைப்படவில்லை. காற்று நாள், மீனைத் துரத்திக்கொண்டு போயிருப்பார்கள் என்று இருந்தார்கள். "இன்னிக்கு சார் வரலைங்க" என்று வந்த ஆள் சொன்னதும், அம்மா கையிலிருந்த அரிவாள்மனையை அப்படியே போட்டுவிட்டு, செருப்பில்லாமல் துறைமுகத்துக்கு ஓடினாள். ஐஸ் ஃபேக்டரிப் பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாமாவின் போட்டும் இன்னும் இரண்டு போட்டும் ஒரு மணிக்குக் கிளம்பின.

திருவொற்றியூருக்கு நேரே, கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு கிடந்த தாசுவை இரண்டரைக்குக் கண்டார்கள். இன்னும் ஒரு மணி நேரம் தாங்கியிருக்க மாட்டேன் என்று அவர் சொல்கிறார். காலை எட்டு மணிக்கு ஒரு பெரிய அலையில் படகு புரண்டது. அதன் விளிம்பு உன் தலையில் அடித்தது. உன்னை மறுநாள் காலை எண்ணூர்க் கரையில் எடுத்தோம். தாசு பிழைத்துக்கொண்டார்.